ஆசாரிப்பள்ளத்தில் திறக்க வேண்டிய கதவு

பிள்ளை பெற்றுக்கொள்ளுங்கள் என்ற அறிவுரை இப்போது அரசியல் மேடைகளில் கேட்கிறது. தொகுதி மறுவரையறையில் தமிழகத்தின் பங்கு குறைந்துவிடுமோ என்ற கவலையில், 2025 மார்ச்சில் நாகப்பட்டினத்தில் நடந்த திருமண விழா ஒன்றில் முதல்வர் மு.க.ஸ்டாலின் இதைப் பேசினார். பொறுமையாகப் பெற்றுக்கொள்ளலாம் என்று முன்பு சொன்னோம், இனி உடனே பெற்றுக்கொள்ளச் சொல்ல வேண்டியிருக்கிறது என்பது அவர் பேச்சின் சாரம். ஆந்திர முதல்வர் சந்திரபாபு நாயுடுவும் அதற்கு முன்பே இப்படிப் பேசியிருந்தார். இந்தப் பேச்சுகளில் ஒரு கூட்டம் விடுபட்டுப்போகிறது. யாரும் சொல்லாமலேயே பிள்ளைக்காக ஏங்கி, ஆண்டுக்கணக்கில் மருத்துவமனைப் படியேறும் தம்பதிகள்தான் அந்தக் கூட்டம்.

அவர்களுக்கு அறிவுரை தேவையில்லை. எட்டும் தொலைவில், தாங்கும் செலவில் சிகிச்சை வேண்டும். அந்தச் சிகிச்சையைப் பற்றி ஒளிக்காமல் பேசும் மருத்துவர் வேண்டும். குமரி மாவட்டத்தை வைத்தே இதைப் பார்க்கலாம்.

ஆறில் ஒருவர்

வயதுவந்தோரில் ஏறத்தாழ ஆறில் ஒருவர் வாழ்நாளில் எப்போதாவது குழந்தையின்மையைச் சந்திக்கிறார் என்று உலக சுகாதார நிறுவனம் 2023 ஏப்ரலில் அறிவித்தது. பணக்கார நாடு, ஏழை நாடு என்று இதில் பெரிய வேறுபாடு இல்லை. சிகிச்சை யாருக்குக் கிடைக்கிறது என்பதில்தான் வேறுபாடு. ஓராண்டு முயன்றும் கருத்தரிக்காவிட்டால் அதை மருத்துவப் பிரச்சினையாகக் கருத வேண்டும் என்பது அந்நிறுவனத்தின் வரையறை. விதி, சாபம், தோஷம் என்ற பேச்சுக்கெல்லாம் அதில் இடமில்லை.

நாகர்கோவிலில் கல்யாணமான ஆறாம் மாதமே ‘விசேஷம் உண்டா?’ என்று கேட்டுவிடுவார்கள். கேட்பவருக்கு அது நலம் விசாரிப்பு. பதில் சொல்ல வேண்டிய பெண்ணுக்கு மாதந்தோறும் நடக்கும் விசாரணை. இரண்டாம் ஆண்டில் நாகராஜா கோயிலில் ஆயில்யத்துக்குப் பாலூற்றச் சொல்வார்கள். கோட்டாறு சவேரியார் கோயிலில் நேர்ச்சை வைக்கச் சொல்வார்கள். நம்பிக்கையைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. வேண்டுதல் மனத்துக்குத் தெம்பு தரும். ஆனால், வேண்டுதலிலேயே மூன்று நான்கு ஆண்டுகள் கழிந்தபின் மருத்துவரிடம் போகும்போது, பெண்ணின் வயது சிகிச்சைக்கு எதிராகத் திரும்பியிருக்கிறது. முப்பத்தைந்துக்குப் பிறகு கருமுட்டைகளின் எண்ணிக்கையும் தரமும் வேகமாகக் குறையும்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் எழுத்தறிவில் மாநிலத்தின் முதலிடத்தில் இருந்த மாவட்டம் இது. இங்கே பெண்கள் படிக்கிறார்கள், வேலைக்குப் போகிறார்கள், திருமணம் சற்றுத் தள்ளிப்போகிறது. இவை நல்ல மாற்றங்கள். பெண் படித்ததால்தான் பிள்ளையில்லை என்று பழிபோடும் பேச்சை அடியோடு மறுக்க வேண்டும். தாமதமாகத் திருமணம் செய்பவர்களுக்கு இன்னும் சீக்கிரமாகப் பரிசோதனையும் ஆலோசனையும் கிடைக்கச் செய்வதே இதற்கு விடை.

விடுமுறைக்குள் ஒரு பிள்ளை

குமரி மாவட்டத்துக்கென்றே ஒரு சிக்கல் இருக்கிறது. மருத்துவப் பாடநூல்கள் அதை அதிகம் பேசுவதில்லை. கணவர் வளைகுடாவில் இருப்பார். ஆண்டுக்கு ஒருமுறை, சில வீடுகளில் இரண்டாண்டுக்கு ஒருமுறை, முப்பது நாற்பது நாள் விடுப்பில் வருவார். தூத்தூர் வட்டாரத்து ஆழ்கடல் மீனவர்கள் வாரக்கணக்கில் கடலில் கிடப்பார்கள். திருமணமாகி நான்கு ஆண்டு என்பார்கள். சேர்ந்து வாழ்ந்த நாட்களைக் கூட்டினால் ஆறு மாதம்கூட வராது.

பெண்ணின் கருமுட்டை மாதம் ஒருமுறைதான் வெளியாகும். ஒரு விடுப்பில் ஒரு வாய்ப்பு, அதிர்ஷ்டமிருந்தால் இரண்டு. அது தவறினால், ‘இவளிடம் ஏதோ குறை’ என்ற முடிவுக்கு வீடு வந்துவிடுகிறது. பெண் தனியாக மருத்துவமனைக்குப் போகிறாள். ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, கருக்குழாய்ப் பரிசோதனை, சில வேளைகளில் லேப்ராஸ்கோப்பி வரை எல்லாம் அவள் உடலில் நடந்து முடிகின்றன. சில நூறு ரூபாயில் முடியும் விந்தணுப் பரிசோதனை மட்டும் நடப்பதில்லை. குழந்தையின்மைக் குடும்பங்களில் ஏறத்தாழ பாதியில் ஆண் தரப்புக் காரணமும் சேர்ந்திருக்கிறது என்பது மருத்துவ உலகம் நீண்ட காலமாக அறிந்த உண்மை.

இதில் இன்னொரு கணக்கும் உண்டு. ஒரு விந்தணு உருவாகி முதிர ஏறத்தாழ இரண்டரை மாதம் ஆகும். ஊருக்கு வந்து, பரிசோதித்து, எண்ணிக்கை குறைவு என்று தெரிந்து, மருந்து தொடங்கினால், பலன் தெரிவதற்குள் விடுப்பு முடிந்து விமானம் ஏறியிருப்பார். ஆகவே, பரிசோதனையை அங்கேயே, ஊருக்கு வருவதற்கு மூன்று நான்கு மாதம் முன்னதாகவே செய்துகொள்ள வேண்டும். கடும் வெப்பத்தில் வேலை செய்வோருக்கும் புகைப்பழக்கம் உள்ளவர்களுக்கும் இது கூடுதலாகப் பொருந்தும். திரும்பிப் போகுமுன் விந்தணுவை உறைநிலையில் சேமித்துவைத்தால், கணவர் ஊரில் இல்லாத மாதங்களிலும், அவருடைய எழுத்துபூர்வமான ஒப்புதலோடு, சிகிச்சையைத் தொடரலாம். இந்த எளிய திட்டமிடலை எத்தனை பேருக்கு யார் சொல்லியிருக்கிறார்கள்?

என்னென்ன வழிகள்

கருத்தரிப்புச் சிகிச்சை என்றதும் ‘டெஸ்ட் டியூப் பேபி’தான் பலருக்கு நினைவுக்கு வருகிறது. உண்மையில் அது கடைசிப் படிகளில் ஒன்று. தைராய்டு கோளாறு, சினைப்பை நீர்க்கட்டி, உடல் எடை, கட்டுக்குள் இல்லாத சர்க்கரை ஆகியவற்றைச் சரிசெய்தாலே பலருக்குக் கரு தங்கிவிடும். முட்டை வெளியாகாத பெண்களுக்கு அதைத் தூண்டும் மாத்திரைகள் இருக்கின்றன, விலையும் குறைவு. நம் நாட்டில் கருக்குழாய் அடைப்புக்குக் காசநோயும் ஒரு முக்கியக் காரணம். அதற்கான மருந்தை அரசே இலவசமாகத் தருகிறது.

அடுத்த படி, விந்தணுவைச் சுத்திகரித்துக் கருப்பையில் செலுத்தும் ஐ.யு.ஐ. முறை. ஒரு முயற்சியில் நூற்றுக்குப் பத்து, பதினைந்து பேருக்குப் பலன் கிடைக்கலாம். அதிலும் பயனில்லை என்றாலோ, கருக்குழாய் இரண்டும் அடைபட்டிருந்தாலோ ஐ.வி.எஃப். பத்துப் பன்னிரண்டு நாள் ஊசி போட்டு முட்டைகளை வளர்த்து, மயக்க மருந்து கொடுத்து வெளியே எடுத்து, ஆய்வகத்தில் விந்தணுவோடு சேர்த்து, உருவாகும் கருவை மூன்று முதல் ஐந்து நாளில் கருப்பையில் வைப்பார்கள். விந்தணு மிகக் குறைவாக இருந்தால் ஒரே ஒரு விந்தணுவை முட்டைக்குள் ஊசியால் செலுத்தும் இக்ஸி முறை உண்டு. தானமாகப் பெறும் முட்டை அல்லது விந்தணு, வாடகைத் தாய் ஆகியவை அதற்கும் அப்பால்.

உலகின் முதல் சோதனைக் குழாய்க் குழந்தை 1978 ஜூலை 25 அன்று இங்கிலாந்தில் பிறந்தது. எழுபது நாள் கழித்துக் கொல்கத்தாவில் டாக்டர் சுபாஷ் முகோபாத்யாய் இரண்டாவது குழந்தையை உருவாக்கிக் காட்டினார். அவருடைய சாதனையை அன்றைய அரசு அமைத்த குழு ஏற்க மறுத்தது. அவமதிப்பும் இடமாற்றமுமாக அலைக்கழிக்கப்பட்டவர் 1981இல் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். இந்திய மருத்துவ வரலாற்றில் இதுபோல் நெஞ்சை அறுக்கும் பக்கம் வேறில்லை என்று நினைக்கிறேன். தென்னிந்தியாவின் முதல் சோதனைக் குழாய்க் குழந்தை 1990இல் சென்னையில் டாக்டர் கமலா செல்வராஜின் சிகிச்சையில் பிறந்தது. அதன் பிறகு முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டன. நுட்பம் பழையதாகிவிட்டது, பரவலாகிவிட்டது. ஆனாலும் அது பெரும்பாலும் தனியார் கையில்தான் இருக்கிறது.

விளம்பரம் சொல்லாத கணக்கு

நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் கருத்தரிப்பு மையங்களின் விளம்பரப் பலகைகளைப் பார்க்காமல் கடக்க முடியாது. சிரிக்கும் குழந்தை, சலுகைக் கட்டணம், வெற்றி விகிதம். அந்த விகிதம் எதனுடைய விகிதம் என்பது பலகையில் இருக்காது. ரத்தப் பரிசோதனையில் ‘பாசிட்டிவ்’ வந்தவர்களா, ஸ்கேனில் இதயத்துடிப்பு தெரிந்தவர்களா, கையில் குழந்தையோடு வீட்டுக்குப் போனவர்களா? மூன்றும் ஒன்றல்ல. முதல் எண்ணுக்கும் கடைசி எண்ணுக்கும் இடையில் எத்தனையோ கருச்சிதைவுகள் இருக்கின்றன.

பிரிட்டனில் இதற்கென்றே ஒரு கண்காணிப்பு ஆணையம் இருக்கிறது. ஒவ்வொரு மையத்தின் முடிவுகளையும் அது பொதுவில் வெளியிடுகிறது. அங்கேயே முப்பத்தைந்து வயதுக்குக் குறைந்த பெண்களுக்கு ஒரு கருவை வைத்தால் குழந்தை பிறக்கும் வாய்ப்பு ஏறத்தாழ மூன்றில் ஒன்று. நாற்பதைத் தாண்டி ஓரிரு ஆண்டுகள் ஆனவர்களுக்கு அது வெகுவாகக் குறைகிறது. அதாவது, நல்ல மையத்தில், நல்ல வயதில்கூட, ஒரு முறை தோற்பதுதான் அதிகம் நடப்பது. இதை முதல் நாளிலேயே தம்பதிக்குச் சொல்லிவிட்டால், முதல் தோல்வியில் அந்தப் பெண் தன் உடலைச் சபித்துக்கொள்ள மாட்டாள்.

ஒரு சுழற்சிக்குத் தனியாரிடம் பொதுவாக ஒன்றரை லட்சம் முதல் இரண்டரை லட்சம் ரூபாய் வரை ஆகிறது. இரண்டு மூன்று சுழற்சி தேவைப்படலாம். முந்திரி ஆலையில் வேலை செய்யும் பெண்ணுக்கும், ரப்பர் பால் வெட்டும் தொழிலாளிக்கும் இந்தப் பணம் நகைக்கடனிலிருந்துதான் வரும். கல்யாணத்துக்குப் போட்ட நகை அடகுக்குப் போகிறது, பிறகு மூழ்குகிறது. பெரும்பாலான மருத்துவக் காப்பீட்டுத் திட்டங்கள் குழந்தையின்மைச் சிகிச்சையை விலக்குப் பட்டியலில்தான் வைத்திருக்கின்றன. வேலைக்குப் போகாத நாட்களின் கூலி வேறு.

இதற்கு மேல் ‘கூடுதல் சிகிச்சை’கள் வருகின்றன. கருப்பையின் உட்சுவரைக் கீறுவது, ரத்தத்திலிருந்து பிரித்த திரவத்தைச் செலுத்துவது, எதிர்ப்பாற்றலை மட்டுப்படுத்தும் ஊசிகள் என்று பட்டியல் நீளும். இவற்றில் பலவற்றை வழக்கமாகச் செய்யப் பரிந்துரைக்க முடியாது என்று ஐரோப்பியக் கருத்தரிப்பு மருத்துவர் சங்கம் 2023இல் கூறியிருக்கிறது. ஆண் தரப்பில் குறையில்லாதபோது இக்ஸி செய்வதால் குழந்தை பிறக்கும் வாய்ப்பு கூடுவதில்லை என்பதும் ஆய்வுகள் காட்டிய உண்மை. தோற்றுப்போன தம்பதியிடம் ‘இதையும் செய்துபார்க்கலாமே’ என்று சொன்னால் அவர்கள் மறுக்க மாட்டார்கள். அந்த மறுக்க முடியாமையைக் காசாக்குவது மருத்துவமல்ல.

சட்டம் இருக்கிறது

செயற்கைக் கருத்தரிப்பு ஒழுங்குமுறைச் சட்டமும் வாடகைத் தாய் ஒழுங்குமுறைச் சட்டமும் 2021இல் நிறைவேறி, 2022 ஜனவரி 25 அன்று நடைமுறைக்கு வந்தன. மையங்கள் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும். சிகிச்சை பெறும் பெண்ணின் வயது 21 முதல் 50க்குள், ஆணின் வயது 21 முதல் 55க்குள் இருக்க வேண்டும். தனித்து வாழும் பெண்ணும் சிகிச்சை பெறலாம். முட்டை தானம் செய்பவர் 23 முதல் 35 வயதுக்குள் இருக்க வேண்டும், வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் தானம் செய்யலாம், அவரிடமிருந்து ஏழு முட்டைகளுக்கு மேல் எடுக்கக் கூடாது. குழந்தையின் பாலினத்தைத் தேர்ந்தெடுத்துத் தருவது சிறைத் தண்டனைக்குரிய குற்றம். வாடகைத் தாய் முறையில் பணத்துக்கு இடமில்லை.

சட்டம் வந்த சில மாதங்களிலேயே ஈரோட்டில் ஒரு கொடுமை வெளியே வந்தது. பதினாறு வயதுச் சிறுமியின் வயதை ஆதாரில் மாற்றி, பெற்ற தாயே கூட்டுச் சேர்ந்து, பல மருத்துவமனைகளில் பலமுறை அவளுடைய முட்டைகளை விற்றிருந்தார்கள். விசாரணை தமிழகத்தைத் தாண்டிக் கேரளம், ஆந்திரம் வரை நீண்டது. 2025 ஜூலையில் ஐதராபாத்தில் இன்னொன்று. வாடகைத் தாய் பெற்ற உங்கள் குழந்தை என்று சொல்லி, லட்சக்கணக்கில் பணம் வாங்கிக்கொண்டு ஒரு தம்பதியிடம் கொடுத்த குழந்தைக்கும் அவர்களுக்கும் எந்த உறவும் இல்லை என்று மரபணுப் பரிசோதனை காட்டியது. ஏமாந்த தம்பதியின் துயரம் ஒருபக்கம். ஏழைத் தாய் ஒருத்தியிடமிருந்து வாங்கப்பட்ட அந்தக் குழந்தையின் துயரம் இன்னொரு பக்கம்.

இந்தக் குற்றங்களைப் பற்றி நாளிதழ்களில் நிறைய வந்துவிட்டது. அன்றாடம் நடக்கும் சிறிய மீறல்கள் செய்தியாவதில்லை. வெற்றி வாய்ப்பு எவ்வளவு, செலவு எவ்வளவு, பக்கவிளைவுகள் என்னென்ன, இரட்டைக் கரு உருவாகும் ஆபத்து என்ன என்பதையெல்லாம் சிகிச்சைக்கு முன்பே எடுத்துச்சொல்ல வேண்டும் என்று செயற்கைக் கருத்தரிப்புச் சட்டத்தின் 21ஆம் பிரிவு மையங்களுக்குக் கடமை விதிக்கிறது. தொழில்முறை மனநல ஆலோசனை தரவும், முறையீட்டுப் பிரிவு வைத்திருக்கவும் அது சொல்கிறது. எழுத்துபூர்வமான ஒப்புதல் இல்லாமல் எதையும் செய்யக் கூடாது. கருவைக் கருப்பையில் வைக்கும் முன்பு எந்த நேரத்திலும் தம்பதி அந்த ஒப்புதலைத் திரும்பப் பெறலாம். இவ்வளவு உரிமைகள் தங்களுக்கு இருப்பதை, ஆங்கிலத்தில் அச்சான பத்துப் பக்கப் படிவத்தில் அவசரமாகக் கையெழுத்துப் போடும் தம்பதி எப்படி அறிவார்கள்?

ஊசிக்கு அப்பால்

இந்தச் சிகிச்சையில் உடல் வலியைவிடக் காத்திருப்பின் வலி பெரிது. கரு வைத்தபின் ஏறத்தாழ இரண்டு வாரம் கழித்துத்தான் ரத்தப் பரிசோதனை. அந்த நாட்களில் மாடிப்படி ஏறினால் கலைந்துவிடுமோ, பேருந்தில் போனால் கலைந்துவிடுமோ என்ற பயத்திலேயே பெண்கள் படுக்கையில் கிடக்கிறார்கள். படுத்தே கிடப்பதால் வாய்ப்பு கூடுவதில்லை. இந்த ஒரு வரியை ஒரு செவிலியர் தமிழில், பொறுமையாகச் சொன்னால் எவ்வளவோ பயம் தீரும். முட்டை எடுத்தபின் வயிறு வீங்கி, மூச்சுத் திணறி, சிறுநீர் குறைந்தால் உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும் என்பதையும் அதே செவிலியர்தான் சொல்ல வேண்டும்.

தோல்வி வந்த வீட்டில் துக்கம் விசாரிக்க யாரும் வருவதில்லை, ஏனென்றால் இழப்பு நடந்ததே வெளியே தெரியாது. வளைகாப்புக்கு அழைக்காமல் ஒதுக்குவார்கள், அல்லது அழைத்து ஓரமாக உட்கார வைப்பார்கள். ‘உனக்கு வேறு பெண் பார்க்கலாமா?’ என்று மகனிடம் கேட்கும் வீடுகள் இன்றும் இருக்கின்றன. தன்னிடம்தான் குறை என்று தெரிந்தும் வாய் திறக்காமல், மனைவியை ஊர் பேசவிட்டுப் பார்த்துக்கொண்டிருக்கும் கணவர்களும் இருக்கிறார்கள். அந்த மௌனத்தை மன்னிக்க எனக்கு மனம் வரவில்லை. ஆனால், அவர்களும் ஆலோசனை கிடைக்காத நோயாளிகளே என்பதையும் மறுக்க முடியாது.

என்ன செய்யலாம்?

எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனையில் தமிழக அரசு கருத்தரிப்பு மையம் தொடங்கியது நல்ல தொடக்கம். மதுரை அரசு மருத்துவமனைக்கும் அறிவிப்பு வந்தது. ஆனால், நாகர்கோவிலிலிருந்து சென்னை எழுநூறு கிலோமீட்டர், மதுரை இருநூற்று நாற்பது. ஐ.வி.எஃப். சிகிச்சையில் ஒன்றுவிட்டு ஒருநாள் ஸ்கேன் எடுக்க வேண்டியிருக்கும். கூலி வேலை செய்பவர் அவ்வளவு தூரம் எப்படிப் போய்வருவார்? வடசேரியில் பஸ் ஏறி எழுபது கிலோமீட்டர் போனால் வரும் திருவனந்தபுரத்தில், கேரள அரசின் எஸ்.ஏ.டி. மருத்துவமனை ஐ.வி.எஃப். சிகிச்சை தருகிறது. அண்டை மாநிலத்தில் அரசு செய்ய முடிந்ததை இங்கேயும் செய்யலாம். கோவா அரசு 2023இல் தன் மருத்துவக் கல்லூரியில் இதை இலவசமாகவே தொடங்கியது.

ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் முதல் கட்டமாக, பெரிய ஆய்வகம் இல்லாமலேயே, வாரம் ஒருநாள் குழந்தையின்மைச் சிறப்புப் பிரிவு நடத்தலாம். கணவன், மனைவி இருவரும் சேர்ந்தே வர வேண்டும், விந்தணுப் பரிசோதனை முடியாமல் பெண்ணுக்குப் பெரிய பரிசோதனை எதுவும் இல்லை என்ற விதியோடு அது இயங்க வேண்டும். முட்டை தூண்டும் சிகிச்சையும் ஐ.யு.ஐ.யும் அங்கேயே முடிந்துவிடும். உண்மையில் ஐ.வி.எஃப். தேவைப்படுபவர்கள் அதற்குப் பிறகு சிலரே இருப்பார்கள். அவர்களுக்கான ஆய்வகம் இரண்டாம் கட்டம்.

அதுவரை, முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில், குறிப்பிட்ட வருமானத்துக்கும் வயதுக்கும் உட்பட்ட தம்பதிகளுக்கு ஒரு சுழற்சிக்காவது அரசு பணம் தரலாம். எந்த மையத்துக்கு அந்தப் பணம் போகும் என்பதற்கு நிபந்தனையும் வைக்கலாம். தன் முடிவுகளை வயதுவாரியாக, பிறந்த குழந்தைக் கணக்கில் வெளியிடும் மையத்துக்கு மட்டும் அது கிடைக்கட்டும்.

ஒப்புதல் படிவம், செலவுப் பட்டியல், உரிமைகள் மூன்றும் எளிய தமிழில், ஒரே வடிவில், எல்லா மையங்களுக்கும் பொதுவாக இருக்கும்படி சுகாதாரத் துறை வெளியிட வேண்டும். கையெழுத்துக்கு முன் அதை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படிக்க ஒரு வாரம் தர வேண்டும். பதிவுச் சான்றிதழின் எண்ணும் காலாவதித் தேதியும் வரவேற்பறையில் தெரியும்படி இருக்க வேண்டும். எண் இல்லாத மையத்தில் கால் வைக்காதீர்கள் என்று தம்பதிகளுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

வெளிநாட்டுக்கு வேலைக்குப் போகிறவர்களிடம், கிளம்புமுன்பும் விடுப்புக்கு முன்பும் செய்துகொள்ள வேண்டிய பரிசோதனைகளைப் பற்றி, ஊராட்சிகளும் மீனவர் சங்கங்களும் பங்குப் பேரவைகளும் பேச வேண்டும். மனச்சோர்வு தாங்க முடியாமல் போனால் 14416 என்ற டெலி-மானஸ் எண்ணில் தமிழிலேயே ஆலோசனை பெறலாம், கட்டணம் இல்லை. 19ஆம் நூற்றாண்டிலிருந்து நெய்யூரில் இயங்கும் மிஷன் மருத்துவமனை போன்ற இடங்களில், சிகிச்சை பெற்றவர்களே ஒருவருக்கொருவர் துணைநிற்கும் கூட்டங்களை மாதம் ஒருமுறை நடத்தலாம்.

தத்தெடுப்பையும் கடைசிப் புகலிடமாக வைக்கக் கூடாது. 2022 விதிகளின்படி, இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையைத் தத்தெடுக்கத் தம்பதியின் வயதுகளைக் கூட்டினால் 85க்குள் இருக்க வேண்டும். காத்திருப்பும் ஆண்டுக்கணக்கில் நீள்கிறது. எல்லாச் சிகிச்சையும் தோற்றபின் விண்ணப்பித்தால் வயது தாண்டியிருக்கும். விருப்பமுள்ளவர்களுக்கு மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு வழியாகச் சிகிச்சையின் முதல் ஆண்டிலேயே இதைச் சொல்லிவிட வேண்டும்.

குமரி மாவட்டத்துக்குச் சட்டமன்றத்தில் ஆறு உறுப்பினர்கள் இருக்கிறார்கள். அடுத்த முறை சுகாதாரத் துறை மானியக் கோரிக்கை விவாதத்துக்கு வரும்போது, கட்சி பார்க்காமல் ஆறு பேரும் எழுந்து ஆசாரிப்பள்ளத்துக்கு ஒரு கருத்தரிப்புப் பிரிவையும், ஒரு கருவியல் வல்லுநரையும், ஒரு மனநல ஆலோசகரையும் கேட்க வேண்டும்.